கிராண்ட் கேன்யன் விளிம்பில் ஒரு 100-400: பழுதுபார்த்த பிறகு எழுதுவது

என்னுடைய 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் பழுதுபார்ப்பு நிலையத்திலிருந்து அண்மையில் திரும்பி வந்தது. உள்ளே புகுந்திருந்த செம்மணலை முழுவதும் எடுத்துவிட்டார்கள். ஜூம் வளையம் வாங்கிய நாளில் இருந்ததைவிட இலகுவாகச் சுழல்கிறது. என் குறையே அதுதான். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்ததும் லென்ஸின் முன்குழல் தன் எடையாலேயே நழுவி நீள்கிறது. மரத்தில் இருக்கும் பறவையைப் படமெடுப்பவருக்கு இது பெரிய தொல்லையாக இராது. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் நின்று, எந்நேரமும் கீழே பார்த்தே படமெடுக்கும் எனக்கோ ஒவ்வொரு விடியலிலும் இதனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் அந்த விளிம்பில் இதற்கு நிகரான லென்ஸ் இல்லை என்றே சொல்வேன். தென்விளிம்பின் பார்வையிடமான மேதர் முனையில் எதிர்விளிம்பு ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் இருக்கிறது, ஆழமோ ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுதான். வைட் லென்ஸ் இந்த விரிவு முழுவதையும் வானத்துக்கும் காலடிப் பாறைக்கும் இடையே ஒரு மெல்லிய பட்டையாக்கிவிடும். 300, 350 என்று நெருங்கினால்தான் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் பாறைக்குன்றுகள், இடையிலுள்ள மூட்டத்தால் படிப்படியாக வெளிறித் தனித்தனியே பிரிகின்றன. கேன்யன் சுவரின் ஓர் அடுக்கான ரெட்வால் சுண்ணாம்புப் பாறை இயல்பில் சாம்பல் நிறமுடையது. மேலடுக்குகளிலிருந்து வழிந்த இரும்புச் சத்துதான் அதன் முகத்தைச் சிவப்பாக்கியிருக்கிறது. அண்மையில் பெயர்ந்து விழுந்த இடத்தில் அந்தச் சாம்பல் நிறம் வெளிப்பட்டு நிற்பதை இந்த லென்ஸ் வழியாகத்தான் முதன்முதலில் கண்டேன். அதே விளிம்பிலுள்ள லிப்பன் முனையிலிருந்து பார்த்தால், பூர்வ பியூப்ளோ பழங்குடி மக்கள் ஒருகாலத்தில் பயிர் செய்த அன்கார் மண்திட்டைச் சுற்றிக் கொலராடோ ஆறு வளைந்து செல்வது தெரியும். ஆற்றின் மேற்பகுதியில் கிளென் கேன்யன் அணை வண்டலைத் தடுத்துவிடுவதால் ஆறு பெரும்பாலும் பச்சையாக ஓடுகிறது. மழைக்காலத்தில் லிட்டில் கொலராடோ என்னும் கிளையாறு சேறு சுமந்து வந்து கலந்ததும் பழுப்பாகிவிடுகிறது. இந்த நிறமாற்றத்தைப் படத்தில் காட்ட 400 மி.மீ. வேண்டும்.

ஆனால் அத்தனை கிலோமீட்டர் காற்றை ஊடுருவிப் பார்க்கும் லென்ஸுக்கு நேரம் முக்கியம். வெயில் ஏறிவிட்டால் பாறைகளிலிருந்து எழும் வெப்ப அலைகள் விளிம்புக் கோடுகளைக் குழைத்துவிடும்; எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியும் அப்போது உதவாது. ஆகவே விடியலுக்கு முன்னரே முக்காலியை நிறுத்தி, எஃப் 8 துளையளவில் ஒரு நொடி, இரண்டு நொடி என்று ஷட்டரைத் திறந்து வைக்கிறோம். அந்த இரண்டு நொடிக்குள் குழல் ஒரு மயிரிழை நழுவினாலும் போதும். நடுவிலிருக்கும் குன்று கூர்மையாக நிற்க, ஓரத்திலிருப்பவை எல்லாம் வெளிநோக்கி இழுபட்ட கோடுகளாகிவிடுகின்றன. ஜூம் மாறும்போது ஃபோக்கஸும் விலகுவதால், குழலைத் திரும்பத் தள்ளி வைத்தபின் ஃபோக்கஸையும் மறுபடி பிடிக்க வேண்டும். சூரியன் அதற்காகக் காத்திருப்பதில்லை.

மணல் புகுந்ததற்கு நிலையத்தாரைக் குறைசொல்ல முடியாது. நீண்டு சுருங்கும் எந்தக் குழலும் சைக்கிள் பம்பு போலக் காற்றை உள்ளிழுக்கும். ரப்பர் வளையங்கள் மழைத்துளியைத் தடுக்கும். காற்றோடு வரும் நுண்மணலை முழுமையாகத் தடுக்கமாட்டா. கண்ணாடிகளுக்கிடையே இருந்த தூசியால் படங்கள் கெட்டுப்போகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சூரியனுக்கு எதிராக எடுத்தபோது மட்டும் சற்று வெளுப்புத் தெரிந்தது. வளையம் 200-க்கும் 250-க்கும் இடையே கரகரவென்று சிக்கியதால்தான் கொடுத்தேன். கரகரப்பைப் போக்கித் தந்தவர்கள் அதோடு சேர்த்துப் பிடிப்பையும் போக்கிவிட்டார்கள். குழல் நழுவாமல் நிறுத்தும் பூட்டு லென்ஸில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது குழல் முழுவதும் சுருங்கியிருக்கும் 100-இல் மட்டுமே விழும். பூட்டு தேவைப்படாத ஒரே இடத்தில் பூட்டு வைத்த அந்த வடிவமைப்பாளர் விளிம்பில் ஒருநாளும் நின்றிருக்கமாட்டார். இப்போதைக்கு ப்ரோக்கோலிக் கட்டோடு வரும் அகலமான ரப்பர் பட்டையை, பாதி வளையத்தின் மேலும் பாதி அசையாத உடலின் மேலும் படுமாறு மாட்டிவைக்கிறேன். கோடையில் அது நன்றாகவே பிடிக்கிறது; பனிக்காலத்தில் விறைத்துவிடுகிறது. பனி பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் அங்கே காற்று மிகத் தெளிவாக இருக்கும் என்பது கூடுதல் எரிச்சல்.

இதே கொலராடோவின் வேறு பார்வையிடங்களான டெட் ஹார்ஸ் முனையிலும் ஹார்ஸ்ஷூ பெண்டிலும் ஆற்றின் வளைவு காலடியிலேயே கிடப்பதால் இந்த லென்ஸ் பையைவிட்டு வெளியே வராது.

இதன் விலை இப்போது குறைந்திருப்பதாகச் சொல்லி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நீளாத உடலுள்ள 70-200-ஐயும் லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வர்ட்டரையும் வாங்குங்கள். 280 மி.மீ.யோடு நின்றுவிடும், லிப்பன் முனையில் போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இன்றைக்கு என் பதில் அதுதான். என்னுடையதை விற்கும் எண்ணம் இல்லை. பனிக்காலத்துக்குள் வளையத்தை இறுக்கித் தர முடியுமா என்று வேறொரு நிலையத்தில் கேட்டிருக்கிறேன்.