வயர்கார்ட் விமர்சனம்: கெர்னலுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு?

மெஷின்களுக்கு இடையே என்க்ரிப்ட் செய்த பாதை (டனல்) போடும் விபிஎன் மென்பொருளான வயர்கார்ட், லினக்ஸ் 5.6 (மார்ச் 2020) முதல் கெர்னலோடு (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) சேர்ந்தே வருகிறது. வேகமானது, செட்டப் சுலபம் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், இரண்டும் உண்மைதான். இங்கே பார்க்கப்போவது அது உட்கார்ந்திருக்கும் இடத்தை. இதில் கிடைக்கும் வசதிகளில் பாதியும் தலைவலிகளில் முக்கால்வாசியும் அந்த இடத்தால் வருபவை.

கெர்னல் சோர்ஸில் இதன் முகவரி 'டிரைவர்ஸ்/நெட்/வயர்கார்ட்'. ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வது), என்க்ரிப்ஷன் எல்லாம் செய்வதால் இது ஒரு புரோட்டோகால், டிசிபி, யுடிபி இருக்கும் 'நெட்' ஃபோல்டருக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் கெர்னலின் மற்ற பகுதிகளுக்கு இது வெறும் நெட்வொர்க் கார்டு. ரூட்டிங் டேபிள் ஒரு பாக்கெட்டை வயர்கார்டின் இன்டர்ஃபேஸான டபிள்யூஜி0 பக்கம் தள்ளுகிறது. நிஜ கார்டாக இருந்தால் வயரில் அனுப்பும். இது பாக்கெட்டை என்க்ரிப்ட் செய்து, யுடிபி உறைக்குள் போட்டு, அதே நெட்வொர்க் ஸ்டாக்கிடம் திருப்பிக் கொடுக்கிறது. டன், வீத், விஎக்ஸ்லேன் போன்ற மற்ற மென்பொருள் கார்டுகள் எல்லாம் இதே தெருவில்தான் குடியிருக்கின்றன. ஆனால் பிரிட்ஜ், விலேன் போன்றவை, அவையும் இன்டர்ஃபேஸ்களாகவே தெரிந்தாலும், 'நெட்' பக்கம் இருக்கின்றன. கறாரான விதி என்று ஒன்று இல்லை. ஓபன்பிஎஸ்டி இதே வயர்கார்டை 'சிஸ்/நெட்'டில் வைத்திருக்கிறது, ஃப்ரீபிஎஸ்டி 'சிஸ்/டெவ்'வில். லினக்ஸில் நீண்ட இழுபறி நடந்தது கிரிப்டோ கோடைப் பற்றித்தான். சிங்க் என்ற தனி லைப்ரரியோடு முதலில் வந்தது. கடைசியில் கெர்னலின் சொந்த கிரிப்டோ லைப்ரரியைப் பயன்படுத்த ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே வந்தது.

கெர்னலைத் தாமே கம்பைல் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 'நெட்வொர்க்கிங் சப்போர்ட்' மெனுவைக் கிளறிப் பயனில்லை. 'டிவைஸ் டிரைவர்ஸ்', அதற்குள் 'நெட்வொர்க் டிவைஸ் சப்போர்ட்', அதற்குள் 'நெட்வொர்க் கோர் டிரைவர் சப்போர்ட்'. கடைசியாகச் சொன்னது ஆஃபில் இருந்தால் வயர்கார்ட் வரியே கண்ணில் படாது.

இந்த இடத்தின் உண்மையான லாபம் நேம்ஸ்பேஸில் (கன்டெய்னருக்கென்று பிரித்துக் கொடுக்கும் தனி நெட்வொர்க் உலகம்) தெரியும். இன்டர்ஃபேஸை ஹோஸ்டில் உருவாக்கி, பிறகு கன்டெய்னரின் நேம்ஸ்பேஸுக்கு நகர்த்துங்கள். உள்ளே டபிள்யூஜி0 தெரியும். அதன் யுடிபி சாக்கெட் மட்டும் பிறந்த இடமான ஹோஸ்டிலேயே நிற்கும். கன்டெய்னருக்கு வேறு கார்டே கொடுக்காவிட்டால், டனலைத் தவிர பாக்கெட் போக வழி கிடையாது. ஒரு ஃபயர்வால் ரூல்கூட எழுத வேண்டாம். இது ஒன்றுக்காகவே மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கலாம். கெர்னலுக்கு வெளியே, யூசர்ஸ்பேஸில் சாதாரண புரோகிராமாக ஓடும் வயர்கார்ட்-கோவில் பாக்கெட் ஒவ்வொன்றும் டன் டிவைஸ் வழியாக மேலே ஏறி மறுபடி கீழே இறங்க வேண்டும். ஆனால் அங்கே பிழை வந்தால் சாவது ஒரு புராசஸ். இங்கே வந்தால் மெஷினே படுத்துவிடும். சுமார் 4,000 வரிகளில் முடித்திருப்பதால்தான் அந்த பயம் குறைகிறது.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கணக்கு: ஐபிவி6 ஹெடர் 40, யுடிபி 8, வயர்கார்ட் 32, ஆக 80 பைட். வழக்கமான 1500இல் அதைக் கழித்தால் டீஃபால்ட் 1420. உங்கள் லைன் பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் லைன்களின் இணைப்பு முறை) என்றால் வெளியே 1492தான், டனலுக்கு 1412 வைக்க வேண்டும். டனலை எழுப்பும் டபிள்யூஜி-குயிக் ஸ்கிரிப்ட் தானே கணக்குப் போடும் என்றாலும், ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் மெஷினுக்குத் தெரிவது 1500தான், கணக்கு தப்பிவிடும். பிங் போகும், எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகும், பெரிய ஃபைல் மட்டும் தொங்கும் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

எரர் மெசேஜ்கள் மோசம். பிங் செய்தால் 'ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்' என்று வரும். உடனே புதுக் கீ ஜோடி உருவாக்கத் தொடங்கிவிடுவார்கள். கீயில் ஒன்றுமில்லை. நீங்கள் பிங் செய்யும் முகவரி எந்தப் பியரின் (டனலின் மறுமுனை மெஷின்) 'அலவுட் ஐபிஸ்' பட்டியலிலும் இல்லை, அவ்வளவுதான். 'டெஸ்டினேஷன் அட்ரஸ் ரிக்வயர்ட்' என்றால் பியர் கிடைத்துவிட்டது, அதன் எண்ட்பாயின்ட் (வெளி ஐபியும் போர்ட்டும்) தெரியவில்லை. உண்மையிலேயே கீ தப்பாக இருந்தால் எந்த மெசேஜும் வராது. கல்லைப் போல் இருக்கும். ஒரே ஐபி ரேஞ்சை இரண்டு பியர்களுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான்: பின்னால் எழுதியது சத்தமில்லாமல் பிடுங்கிக்கொள்ளும். கெர்னல் லாகில் எதையாவது பார்க்க டைனமிக் டீபக் என்ற கெர்னல் வசதியை ஆன் செய்தாக வேண்டும்.

கெர்னலுக்குள் போகாமல் விட்டதில் முக்கியமானது டிஎன்எஸ். அது சரியான முடிவுதான், ஆனால் விலை உண்டு. எண்ட்பாயின்டில் பெயர் கொடுத்தால், டபிள்யூஜி கருவி அதை ஒரே முறை ஐபியாக மாற்றி கெர்னலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். சர்வரின் ஐபி மாறினால் டனல் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டே இருக்கும். வயர்கார்ட்-டூல்ஸ் சோர்ஸோடு வரும் ரீரிசால்வ்-டிஎன்எஸ் ஸ்கிரிப்டை 30 விநாடிக்கு ஒரு முறை டைமரில் ஓடவிடுங்கள்.

பேட்டரி கடிகாரம் இல்லாத சின்ன ரவுட்டர்களில் இன்னொரு கோளாறு வரும். ஹேண்ட்ஷேக்கின் முதல் பாக்கெட்டில் நேர முத்திரை உண்டு. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையோடு வந்தால், ரீப்ளே தாக்குதல் (பழைய பாக்கெட்டைப் பிடித்து மறுபடி அனுப்புவது) என்று எண்ணி சர்வர் கைவிடும். கரண்ட் போய் வந்த ரவுட்டரின் கடிகாரம் பின்னோக்கிப் போயிருக்கும், அதனால் ஹேண்ட்ஷேக் நடக்காது. நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியும் டனல் வழியாகத்தான் போகிறது என்றால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். என்டிபி சர்வருக்கு மட்டும் டனலுக்கு வெளியே தனி ரூட் போடுங்கள். அவசரம் என்றால் சர்வர் பக்கம் அந்தப் பியரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் பழைய முத்திரை மறந்துபோகும்.