நீர்த்தல் கணக்கு: சூத்திரமா, மோலா, மடங்கா?

மேல்நிலை வேதியியலில் நீர்த்தல் கணக்குகளைப் போட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. 12 மோலார் (லிட்டருக்கு 12 மோல்; மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையால் பொருளை அளக்கும் அலகு) அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 0.6 மோலார் கரைசல் 250 மி.லி. தயாரிக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்ற வினாவுக்கு மூன்றுமே 12.5 மி.லி. என்ற ஒரே விடையைத்தான் தருகின்றன. வினா சற்றே திரும்பும்போதுதான் எந்த வழி தாங்கும் என்பது தெரிகிறது.

முதலாவது, மாணவர் எவரும் மனப்பாடமாகச் சொல்லும் எம்1 வி1 = எம்2 வி2 (எம் என்பது மோலாரிட்டி, அதாவது மோலாரில் செறிவு; வி என்பது கன அளவு; 1 நீர்த்தலுக்கு முன், 2 பின்). இதைவிட விரைவான வழி இல்லை. ஒரு மதிப்பெண் வினாவுக்கு இதுவே போதும். ஆனால் 0.5 மோலார் உப்புக் கரைசல் 200 மி.லி.யுடன் 300 மி.லி. நீர் சேர்த்தால் செறிவு என்ன என்று கேட்டால், வி2 இருக்கும் இடத்தில் 300ஐப் போட்டு 0.33 என்று முடிப்பவர்கள் பலர். வி2 என்பது சேர்த்த நீரன்று, மொத்தக் கரைசலாகிய 500 மி.லி.; எனவே விடை 0.2 மோலார். இந்த வேறுபாட்டைச் சூத்திரம் தானாக உணர்த்துவதில்லை.

இரண்டாவது, கரைபொருளின் மோல்களை எண்ணுவது. மேற்கண்ட கணக்கில் 0.2 லிட்டரை 0.5ஆல் பெருக்கினால் 0.1 மோல், நீர் ஊற்றியதால் அது கூடவுமில்லை, குறையவுமில்லை, இப்போது அது 0.5 லிட்டரில் பரவியிருக்கிறது. எழுதுவதற்கு இரண்டு வரி கூடுதலாகும் என்பது உண்மைதான். ஆயினும் 1 மோலார் கரைசல் 100 மி.லி.யையும் அதே பொருளின் 0.2 மோலார் கரைசல் 300 மி.லி.யையும் கலக்கச் சொன்னால், இரு பக்கம் மட்டுமே உள்ள சூத்திரம் நேரடியாக உதவாது. மோல் கணக்கோ 0.1 உடன் 0.06ஐக் கூட்டி, 0.4 லிட்டரால் வகுத்து, 0.4 மோலார் என்று சிரமமின்றிச் சொல்லிவிடும். வேதாரண்யம் உப்பளத்துப் பாத்திகளில் நடப்பது நீர்த்தலுக்கு நேர்மாறானது என்றாலும் அதே கணக்குதான்: லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர் வெயிலில் பாதியாக வற்றினால் 70 கிராமை ஒட்டி வரும். உப்பு படியத் தொடங்கிய பிறகு கரைசலில் உள்ள அளவு குறைவதால் இந்தச் சமன்பாடு செல்லாது. இதை மோல்களை எண்ணிப் பழகியவர் தாமே கண்டுகொள்வார்.

மூன்றாவது, மடங்கு முறை. 12ஐ 0.6ஆல் வகுத்தால் 20 மடங்கு. 250ஐ 20ஆல் வகுத்தால் 12.5. அடுத்தடுத்து நீர்க்கும் கணக்குகளில் இதற்கு இணை இல்லை: 1 மி.லி.யை 10 மி.லி.யாக்குவதை மூன்று முறை செய்தால் 1000 மடங்கு, ஆகவே 2 மோலார் 0.002 மோலாராகிறது. ‘ஒரு டேங்குக்கு இத்தனை மில்லி’ என்று வயலில் கேட்டு வளர்ந்த டெல்டாப் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே வரும். ஆனால் 3 சதவீதப் பஞ்சகவ்யம் தெளிக்க 10 லிட்டர் நீரில் 300 மி.லி. ஊற்றினால் மொத்தம் 10.3 லிட்டராகி, செறிவு சுமார் 2.9 சதவீதமே இருக்கும். குறுவைப் பயிர் அதைப் பொருட்படுத்தாது. மொத்தக் கன அளவைத் துல்லியமாகக் காட்டும் ஆய்வகத் திட்டக் குடுவையின் கழுத்துக் கோடு பொருட்படுத்தும். (ஆய்வகத்தில் அமிலத்தைத்தான் நீரில் விடவேண்டும், நீரை அமிலத்தில் விடக்கூடாது.)

ஆகவே மோல் முறையை முதலில் பழக்கிவிட்டு, சூத்திரத்தை அதன் சுருக்கமாகவும் மடங்கு முறையை விடை சரிபார்க்கும் கருவியாகவும் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் இதன் பயன் வெளிப்படும். தரம்பார்த்தலில் (ஒரு கரைசலை மற்றொன்றோடு வினைபுரிய வைத்துச் செறிவு காண்பதில்) எழுதும் வி1 என்1 = வி2 என்2 தோற்றத்தில் நீர்த்தல் சூத்திரத்தைப் போலவே இருப்பதால், நார்மாலிட்டி (என்; ஒரு மோல் எத்தனை மடங்கு வினைபுரியும் என்பதையும் சேர்த்த செறிவு) இருக்கவேண்டிய இடத்தில் மோலாரிட்டியை இட்டுவிடுவது எளிது. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி.யை நடுநிலையாக்க 0.1 மோலார் கந்தக அமிலம் 20 மி.லி. வேண்டும் என்று அப்போது வரும். ஒரு மோல் கந்தக அமிலம் இரண்டு மோல் காரத்தோடு வினைபுரிவதால் உண்மையில் 10 மி.லி. போதும்.