பூட்டான் தபால்தலைப் பாக்கெட்: 850 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

‘பூட்டான், 25 வகை, 3டி உட்பட, பயன்படுத்தியவை’ என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். 850 ரூபாய், தபால் செலவு தனி. ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் அட்டை வைத்து மடங்காமல் கட்டியிருந்தார்கள். கும்பகோணம் தபால் நிலையத்தில் 31 வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவன் நான். பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் 3டி ஸ்டாம்ப். விண்வெளி வீரர் படம். இந்த வகையை பூட்டான் 1967இல் வெளியிட ஆரம்பித்தது. திருவிழாக் கடையில் சாய்த்தால் கண்ணடிக்கும் படம் விற்பார்களே, அதே சங்கதிதான். நகத்தால் வருடினால் ‘சர்ர்’ என்று சத்தம் வருகிறது. பிளாஸ்டிக் என்பதால் மேஜையில் வைத்தால் அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொள்கிறது. அமுக்கி நேராக்கப் போகாதீர்கள். நான் போனேன், மூலையில் ஒரு விரிசல்.

1973இல் வந்த ரோஜா ஸ்டாம்பும் ஒன்று இருந்தது. வாசனை ஏற்றி அச்சிட்டது. இப்போது பழைய பீரோ வாசனைதான். ஐம்பது வருஷம் கழித்து ரோஜா மணக்கவில்லை என்று கடைக்காரரைக் கோபிக்க முடியுமா? பட்டுத்துணி, எஃகுத் தகடு, இசைத்தட்டு என்று எதிலெல்லாமோ ஸ்டாம்ப் போட்ட நாடு அது. பர்ட் டாட் என்ற அமெரிக்கர் கொடுத்த யோசனை. தலைநகர் திம்புவுக்கு மோட்டார் சாலையே 1962இல்தான் வந்தது. முதல் ஸ்டாம்ப் வெளியிட்டதும் அதே வருஷம்தான்.

என் புகார் ‘பயன்படுத்தியவை’ என்ற சொல்லில். காகித ஸ்டாம்புகளைத் திருப்பிப் பார்த்தால் பசை அப்படியே இருக்கிறது! முத்திரையும் மூலையில் கால் வட்டமாக, அளந்து வைத்த மாதிரி. அவசரத்தில் குத்துகிற எந்தத் தபால்காரர் கையும் அப்படி விழாது. சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே மொத்தமாக முத்திரையிட்டவை இவை; ஒரு கடிதத்தையும் சுமந்ததில்லை. விலையில் பெரிய மோசம் இல்லை, ஆனால் விளம்பரத்தில் சொல்லியிருக்க வேண்டும். கேட்டதற்கு, “எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க சார்” என்று பதில்.

சரி, எதற்கு இந்த வயதில் இதெல்லாம்? அடுத்த அக்டோபரில் நேரிலேயே போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மேற்கு வங்காளத்து ஹாசிமாரா வரை ரயில், எல்லையில் நம் பக்கத்து ஊரான ஜெய்காவ் தாண்டினால் பூட்டானின் புன்ட்ஷோலிங். நமக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். ஆனால் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு. இரண்டு பேர், ஆறு ராத்திரி: 14,400. “அந்தக் காசுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சிடலாம்” என்கிறாள் மனைவி. 3,000 மீட்டருக்கு மேலே பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்த்சங் மடத்தை அவள் கீழே இருந்தே கும்பிட்டுக்கொள்வாளாம், முட்டி வலி.

எனக்குத் திம்பு தபால் நிலையம் போதும். அங்கே நம் போட்டோவையே ஸ்டாம்பாக அச்சிட்டுத் தருகிறார்கள், அதை ஒட்டித் தபாலும் அனுப்பலாம். எங்கள் விலாசத்துக்கே ஒரு அட்டை போடுவேன். இதை மட்டும் அவள் மறுக்கவில்லை. எந்தப் புடவை என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை.

பாக்கெட்டுக்கு ஐந்தில் மூன்று.