மிருதங்கம் யாரிடம் கற்பது? வித்வான் வீடா, கோவில் மண்டபமா, கைப்பேசித் திரையா

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் பிள்ளையை மிருதங்கத்தில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கச்சேரியும் நாட்டிய அரங்கேற்றமும் வாசித்துக்கொண்டிருக்கும் கலைஞரின் வீட்டுக்குப் போய்த் தனியாக உட்காருவது. அவர் ஈப்போவில் இருந்தால் காரில் அரை மணி நேரம் போக வேண்டும். இரண்டாவது, கோவில் மண்டபத்தில் சனி, ஞாயிறு நடக்கும் கூட்டு வகுப்பு. மூன்றாவது, சென்னையில் இருக்கும் வித்வானிடம் கைப்பேசி வழியாகப் பாடம் கேட்பது. பெரும்பாலோர் கட்டணத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த மூன்றின் மதிப்பும் மாறிக்கொண்டே போகும்.

கை படியும் காலம்

முதல் பாடம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: த தி தொம் நம். 'த' என்பது இடக்கையின் நான்கு விரல்களும் சேர்ந்து தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், விழும் மூடிய அடி. 'தி' வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் ஒட்டி, வலப்பக்கத் தோலின் கருப்பு வட்டமான கரணையின் நடுவில் விழுவது. 'தொம்' தொப்பியில் திறந்த அடி. அடித்த கை உடனே எழும்பிவிட வேண்டும், இல்லையென்றால் கார்வை (ஒலியின் நீட்சி) இராது.

சோதனை 'நம்'மில்தான். ஆள்காட்டி விரல் மீட்டின் (வலப்பக்கத் தோலின் வெளிவளையத்தின்) ஓரத்தில் விழும்போது மோதிரவிரலின் நுனி கரணையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அந்த விரல் அழுந்தினால் நாதம் செத்து 'டக்' என்கிறது. தூக்கிவிட்டால் சுருதி தெளியாமல் தோல் முழுவதும் அலறுகிறது. எவ்வளவு பாரம் என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிள்ளையின் மோதிரவிரலைத் தன் விரலால் இம்மியளவு தூக்கிவிட்டு, "இப்ப வாசிய்யா" என்றால் அந்தத் தடவையே நாதம் கேட்டுவிடும். கேட்ட காது அதைத் தேடிக்கொண்டே இருக்கும். முதல் ஆறு மாதத்தில் வித்வான் வீட்டுக்கு நிகராக வேறு எதுவும் இல்லை என்று நாம் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒற்றை விரல்தான்.

மண்டபத்தில் என்ன நடக்கிறது? ஒரு மணி நேர வகுப்பில் பத்துப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஆறு நிமிடம். அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை, பெரும்பாலான நேரம் எல்லாரும் சேர்ந்தே வாசிக்கிறார்கள். சிமெண்டுத் தரை, நாலு பக்கமும் திறந்த சுவர், மேலே தகரக் கூரை. பத்து மிருதங்கத்தின் 'நம்'மும் எதிரொலியில் கலந்து, பிள்ளைக்குத் தன் ஒலி எது என்றே தெரிவதில்லை. தெரியாததால் இன்னும் ஓங்கி அடிக்கிறது. மாலை நாலு மணிக்குமேல் மழை பிடித்துக்கொண்டால் ஆசிரியரின் குரல்கூட முன்வரிசையைத் தாண்டாது. மூன்று மாதத்தில் தோள்பட்டையிலிருந்து அடிக்கும் பழக்கம் வந்துவிடும். மணிக்கட்டிலிருந்து வர வேண்டிய அடி தோளிலிருந்து வந்தால் மூன்றாம் காலம் எனும் நான்கு மடங்கு வேகம் என்றைக்கும் ஓடாது. பிற்பாடு அதைத் திருத்த, கற்ற காலத்தைப்போல் இரண்டு மடங்கு பிடிக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் உருமி மேளத்தில் வாசித்த கையோடு மிருதங்கத்துக்கு வருபவர்கள் பலர். அவர்களுக்கு லயம் ரத்தத்தில் இருக்கிறது. காலடி எடுத்துவைக்கும் வேகத்தை மணிக்கணக்கில் பிசகாமல் பிடித்துப் பழகியவர்கள். குச்சியால் திறந்தவெளியில் வாசித்த கை என்பதால் அடி மட்டும் கனமாக விழும். நல்ல ஆசிரியர் அந்த லயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒலியை மட்டும் குறைக்கச் சொல்லிக்கொடுப்பார். உருமியை விட்டுவிட்டு வா என்று சொல்லும் ஆசிரியரிடம் அனுப்ப வேண்டாம்.

தாளத்தில் மண்டபம் ஜெயிக்கிறது

கூட்டு வகுப்பைக் குறைத்துப் பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தனியாகக் கற்கும் பிள்ளை ஆசிரியர் போடும் தாளத்தின்மேல் சாய்ந்தே வளர்கிறது. ஐந்து பேர் வாசிக்க ஐந்து பேர் தாளம் போட்டு, இரண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை மாறினால் சாய்வதற்கு ஆள் இல்லை. ஆதி தாளம் எட்டு அட்சரம்: ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்த லகு, பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு துருதம். த தி தொம் நம்மை அட்சரத்துக்கு ஒரு சொல், இரண்டு சொல், நான்கு சொல் என்று மூன்று காலத்தில் ஏற்றி மறுபடி இறக்க வேண்டும். ஏறும்போது யாரும் மாட்டுவதில்லை. மூன்றாம் காலத்திலிருந்து முதல் காலத்துக்கு இறங்கும்போதுதான் சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியைப் பொறுக்க முடியாமல் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கூட்டத்தில் ஒருவர் ஓடினால் அது உடனே பளிச்சென்று தெரியும்.

கொன்னக்கோலுக்கும், அதாவது மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லும் முறைக்கும், மண்டபமே ஏற்றது. சொல்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, அதன்பிறகே வாத்தியத்தைத் தொடும் வகுப்பு என்றால் பத்துப் பேர் இருந்தாலும் பாதகமில்லை. வாத்தியத்தோடு உட்காருபவர்கள் நாலு பேருக்குமேல் போகக் கூடாது. கோலாலம்பூரில் 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மாதிரி பெரிய இடங்களில், பாட்டும் நடனமும் வாத்தியமும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் கூட்டாகக் கற்பதன் நன்மை இன்னும் கூடுதல். நம் மண்டபத்தில் அந்த வசதி இல்லை, ஆனால் பக்கத்து அறையில் தேவார வகுப்பு நடக்கிறது. இரண்டையும் மாதம் ஒருமுறை சேர்த்து உட்காரவைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

திரையில் எது போகும், எது போகாது

இணைய வகுப்பின் சிக்கலைக் கணக்காகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நிதான நடையில், மூன்றாம் காலத்தில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே 250 மில்லிநொடிதான். அழைப்பில் ஒலி போய்ச் சேர ஒரு பக்கத்துக்கு 100, 150 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் தாளம் இங்கே வந்து, பிள்ளையின் வாசிப்பு அங்கே திரும்புவதற்குள் ஒரு முழுச் சொல் தள்ளிப்போய்விடும். ஆகவே சென்னையில் தாளம் போட்டு இங்கே வாசிப்பது நடக்காத காரியம். அப்படி நடத்தும் வகுப்பில் பிள்ளை தாமதத்தைச் சமாளிக்க முந்தி வாசிக்கப் பழகிக்கொள்கிறது. நேரில் வந்ததும் ஓட்டம் பிடிக்கும்.

ஒலியிலும் கோளாறு உண்டு. ஜூம் போன்ற செயலிகள் மனிதக் குரலைத் தவிர மற்றதைச் சத்தம் என்று எண்ணி வெட்டுகின்றன. 'நம்'மின் ரீங்காரம் பாதியில் அறுந்துவிடும், 'தொம்' கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வெறும் தட்டலாக வரும். இதைச் சரிசெய்ய ஜூம் அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இரு பக்கமும் போட்டுக்கொள்ள வேண்டும். காதில் கம்பியுள்ள இயர்போன் வேண்டும். புளூடூத் தாமதத்தை இன்னும் கூட்டும். கைப்பேசியை முகத்துக்கு நேரே வைக்காமல், வலந்தலை (வலப்பக்கத் தோல்) பக்கம் ஒரு மீட்டர் தள்ளி, தோளுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் சாய்த்து வைத்தால் விரல்கள் தெரியும். மெட்ரோனோம் பிள்ளையின் பக்கத்தில் ஓட வேண்டும். ஆசிரியர் வாசிக்கும்போது பிள்ளை கேட்கட்டும், பிள்ளை வாசிக்கும்போது ஆசிரியர் கேட்கட்டும். வீட்டுப்பாடத்தைப் பதிவுசெய்து அனுப்புவது நேரடி அழைப்பைவிடப் பயனுள்ளது. பதிவில் தாமதம் கிடையாது.

நேரத்தையும் பாருங்கள். நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். சென்னையில் மாலை 6 மணி என்றால் இங்கே 8.30. அது அங்கே கச்சேரி தொடங்கும் பொழுது. வாசித்துக்கொண்டிருக்கும் கலைஞர் அந்த நேரத்தை உறுதியாகத் தர மாட்டார், மார்கழியில் கிடைக்கவே மாட்டார். ஞாயிறு காலை இங்கே 10 மணி, அங்கே 7.30, இதுதான் நிலைக்கும்.

இத்தனை குறைக்கு நடுவிலும் திரை தரும் லாபம் பெரிது. கை படிந்த பிள்ளைக்குக் கோர்வை, மோரா, ஃபரன் என்ற சொல்கட்டு அமைப்புகள், அட்சரத்தை ஐந்தாகவும் ஏழாகவும் பிரிக்கும் கண்ட நடை, மிஸ்ர நடை என்று பாடாந்தரம் விரிவாகக் கிடைப்பது அங்கேதான். உள்ளூர் ஆசிரியரிடம் இருப்பு தீரும் ஒரு நாள் வரும். அன்று அவரே "இனி சென்னைக்குக் கேளு" என்று சொன்னால் அவர் பெரிய ஆசிரியர்.

பாடுபவர் பக்கத்தில்

மிருதங்கம் பக்கவாத்தியம். பாடம் எவ்வளவு தெரிந்தாலும், பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் கை தணியத் தெரியாவிட்டால் அது வாசிப்பு ஆகாது. சங்கதி நுணுக்கமாகப் போகும்போது தொப்பியைக் குறைப்பது, அனுபல்லவியில் ஒலியைக் கூட்டுவது, எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இல்லாமல் ஒன்றரை அட்சரம் தள்ளி இருந்தால் கோர்வையை அந்த இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என எதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுத முடியாது. மிருதங்க வித்வான் தஞ்சாவூர் வைத்தியநாதய்யர் வீட்டிலேயே தங்கிக் கற்றவர் டி. கே. மூர்த்தி, பாலக்காடு மணி அய்யரும் வைத்தியநாதய்யரிடமே பாடம் கேட்டவர்தான். குருவோடு இருந்த பிள்ளைகள் பாடத்தைவிட அதிகமாகக் கேட்டது பக்கத்திலிருந்து வந்த வாசிப்பை.

குருகுலம் இன்று சாத்தியமில்லை. அதன் சாரத்தைத் தரக்கூடியவர் இன்றும் மேடையில் வாசிக்கும் ஆசிரியர் மட்டும்தான். நவராத்திரி ஒன்பது நாளும் கோவிலில் பாட்டு உண்டு. ஆசிரியர் பிள்ளையைத் தனக்குப் பின்னால், தொப்பிப் பக்கமாக உட்காரவைத்து, "தாளம் மட்டும் போடு, கையை நிறுத்தாதே" என்பார். முதல் வருடம் அவ்வளவுதான். இரண்டாம் வருடம் கடைசியில் வரும் திருப்புகழுக்கோ மங்களத்துக்கோ வாத்தியத்தை நகர்த்திக் கொடுப்பார். மேடை ஏறாத ஆசிரியர் எவ்வளவு ஒழுங்காகப் பாடம் நடத்தினாலும் இந்த நகர்த்திக் கொடுத்தலைத் தர முடியாது. திரையில் இருப்பவராலும் முடியாது.

இதிலும் வித்வான் வீட்டுக்கு ஒரு குறை உண்டு. வாசிக்கும் கலைஞர் வகுப்பை ரத்துசெய்வார். கல்யாண மாதங்களில், தைப்பூசத்தை ஒட்டி, அரங்கேற்றப் பருவத்தில் மூன்று வாரம் தொடர்ந்து வகுப்பு இல்லாமல் போகும். பெற்றோர் பொறுமை இழப்பது இங்கேதான். மாதக் கட்டணமாகக் கொடுக்காமல் வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால் மனக்கசப்பு வராது. ரத்தான நாளில் அவர் வாசிக்கும் இடத்துக்கே பிள்ளையை அழைத்துப்போகலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்.

ரவை, கல், புள்

வாத்தியத்தைப் பார்த்துக்கொள்வதை யார் கற்றுத்தருகிறார்கள் என்பதும் ஒப்பிட வேண்டிய ஒன்று. மூன்று தேக்கரண்டி ரவையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, தொப்பியின் நடுவில் உள்ளங்கையைவிடச் சிறிய வட்டமாக அப்ப வேண்டும். தண்ணீர் கூடினால் வழியும், குறைந்தால் பாதி வாசிப்பில் உதிரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விட்டுவைத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் மறுநாளே பூஞ்சை, எறும்பு, பிறகு தோல் விறைப்பு.

மழைக்காலத்தில் வலந்தலை சுருதி தானாக இறங்கும். தோலைச் சுற்றிப் பின்னிய விளிம்பான மூட்டில் வார் நுழையும் கண்கள் பதினாறு. ஒரு கண்ணில் கல்லால் தட்டினால் அதற்கு நேர் எதிர்க்கண்ணிலும் தட்ட வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டு வந்தால் ஒரு பக்கம் இழுத்து நாதம் பிளந்துவிடும். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் வாருக்கடியில் இருக்கும் புள்ளை (சிறு மரத்துண்டை) நகர்த்த வேண்டும். வித்வான் வீட்டில் ஒவ்வொரு வகுப்பும் இதிலிருந்தே தொடங்கும். மண்டபத்தில் நேரமில்லாததால் ஆசிரியரே எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் கொடுத்துவிடுவார். திரையிலோ, ஆசிரியரின் காதுக்கு உண்மையான சுருதி வருவதே இல்லை. போல்ட் பூட்டிய மிருதங்கம் ஸ்பேனரால் திருகினால் சேர்ந்துவிடும். தொடக்கத்தில் வாங்க அதுவே வசதி, எடைதான் கூடுதல். 24 அங்குலம் தாழ்ந்த சுருதிக்கு, ஆண் குரலுக்கு. 22 அங்குலம் உயர்ந்த சுருதிக்கு. பெண்கள் பாடும் பஜனைக்கும் தேவாரத்துக்கும் முதலில் 22 போதும்.

எப்படிச் சேர்ப்பது

எங்கள் கணக்கில் முதல் இரண்டு வருடம் வித்வான் வீட்டுக்கு வாரம் ஒரு நாள், 40 நிமிடம். மண்டபத்துக்கு வாரம் ஒரு நாள், தாளத்துக்கும் கொன்னக்கோலுக்கும் மட்டும். வீட்டில் தினமும் அரை மணி. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் சுவர் ஒட்டி இருப்பதால் அண்டை வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லிவைத்து, மஹ்ரிப் (அந்தி) தொழுகைக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது. மூன்றாம் வருடத்திலிருந்து மாதம் இரண்டு இணைய வகுப்பு, உள்ளூர் ஆசிரியரின் சம்மதத்தோடு. இரண்டு பாணியின் விரல்முறை முரண்பட்டால் உள்ளூர் ஆசிரியர் சொல்வதே முடிவு, ஏனென்றால் கையை நேரில் பார்ப்பவர் அவர்தான்.

காரில் போய்வரும் செலவு தாங்காத குடும்பங்கள் மூன்று நாலு பிள்ளைகளாகச் சேர்ந்து வித்வானையே ஊருக்கு வரவழைக்கலாம். பயணப்படியைப் பங்கிட்டால் கூட்டு வகுப்பின் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராக உட்காரவைத்து, காத்திருப்பவர் தாளம் போட வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சேர்ப்பதற்கு முன், இந்த மாதம் எந்தக் கோவிலில், யாருக்கு வாசிக்கிறார் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்து அவருடைய மோதிரவிரலைப் பாருங்கள்.