இருவர் பயணத்துக்கு டிராவலரா, ஈகோவா?

பிள்ளைகள் தனித்தனியே போன பிறகு, வேலூரிலிருந்து இருவர் மட்டும் வேனிலேயே தூங்கி எழுந்து ஊர் சுற்ற ஃபோர்ஸ் டிராவலர் தேவையா, மாருதி ஈகோ போதுமா? என் ஓட்டு ஈகோவுக்குத்தான்.

டிராவலரின் நீள மாடல் ஏறக்குறைய 7 மீட்டர். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், கழிப்பறை வைக்கலாம். இரவில் எழுந்து போக வேண்டியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஈகோவில் எல்லாம் குனிந்தபடிதான்.

ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் எதிரே வரும்போது, 3.7 மீட்டர் ஈகோவின் அருமை தெரியும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், காவலூர் பக்கமும் அப்படித்தான். காட்பாடித் தெருக்களில் நிறுத்தவும் இடம் கிடைக்கும். மனைவியும் தயங்காமல் ஓட்டுவார். எனக்கு இதுதான் முக்கியம். ஒருவரே நாள் முழுக்க ஓட்டினால், இறங்கியதும் அவருக்குத் தூக்கம்தான் வரும், ஊர் பார்க்கத் தோன்றாது.

வெயில்? கத்திரியில் ஏசி இல்லாமல் சமவெளியில் இரண்டிலுமே தூங்க முடியாது, மலைக்குப் போய்விடுங்கள். அப்புறம், ஈகோவில் கழற்றி மாட்டும் பலகைக் கட்டில் போதும். வண்டியின் அமைப்பையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.