மதுரை – நெல்லை – குற்றாலம்: வேளைக் கணக்கில் மூன்று இரவுகள்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நான்கு வழிச் சாலையில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதை ஒரே ஓட்டமாக ஓடி முடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பாதையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேளை இருக்கிறது. விருதுநகர் பரோட்டாவுக்கு அந்தி, நெல்லை வீட்டுச் சாப்பாட்டுக்கு நண்பகல், அல்வாவுக்கு விளக்கு வைக்கிற நேரம், அருவிக்கு விடியல், திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு முற்பகல். ஊரைச் சரியாகப் பிடித்து வேளையைத் தவறவிட்டால் மூடிய கடையும் ஆறிய சால்னாவும்தான் கிடைக்கும். அதனால் முதல் நாள் மாலை நான்கு மணிக்கு மதுரையை விட்டு, நான்காம் நாள் மதியம் திரும்புகிற மூன்று இரவுக் கணக்குதான் சரிப்படும். போகும்போது சாத்தூர், கோவில்பட்டி வழி. திரும்பும்போது தென்காசி, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வழி.

முதலில் வண்டி. மெதுவான பயணத்தில் பணம் வீணாவது இங்கேதான். வெளியூர் வாடகைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகின்றன. நான்கு நாளுக்கு 1000 கிலோமீட்டர் ஆகிறது. இந்தச் சுற்றில் ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து வண்டி ஓடுவது 420-ஐத் தாண்டாது. ஓடாத தூரத்துக்குப் பாதிக்கு மேல் பணம் போகும். இதற்கு மாற்று, 'நாள் வாடகை, டீசல் நம்முடையது' என்று பேசிக்கொள்வது. தனி வண்டிக்காரர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். டீசல் தொட்டியை முழுக்க நிரப்பி எடுத்து, முழுக்க நிரப்பித் திருப்பிக் கொடுத்தால் தகராறு வராது. ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், பார்க்கிங் மூன்றும் வாடகைக்குள்ளா வெளியிலா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். கிலோமீட்டர் கணக்கிலேயே போவதானால், மீட்டர் உங்கள் வாசலிலிருந்து ஓடுகிறதா, அவர்கள் ஷெட்டிலிருந்தா என்று கேளுங்கள். ஷெட் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக வர நாற்பது உங்கள் தலையில் விழும்.

மஞ்சள் போர்டு வண்டிதான் எடுக்கவேண்டும். தெரிந்தவர் வீட்டு வெள்ளை போர்டு கார் மலிவாகக் கிடைக்கும். வாடகைக்கு ஓடியது என்று தெரிந்தால் விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். ஆறு பேர் உட்காரும் வண்டியில், வெளிநாட்டுப் பெட்டிகளோடு நான்கு பேர்தான் வசதி. வழியில் நண்பர் யாராவது ஏறுவார் என்றால் ஓர் இருக்கையை முதலிலிருந்தே காலியாக விடுங்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரை அழைத்துப் போவது மரியாதையாக இராது.

நெல்லை வரைக்கும் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என மூன்று சுங்கச்சாவடிகள். திரும்பும்போது திருமங்கலம் தாண்டியதும் கப்பலூர் மறுபடி வரும். ஃபாஸ்டேகில் யார் பணம் போடுவது என்பதைக் கிளம்புமுன் தீர்த்துக்கொள்ளலாம்.

தங்குமிடத்தில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், விடுதி 24 மணி நேரத்துக்குள் அதை அரசுத் தளத்தில் பதிவு செய்யவேண்டும். சிறிய லாட்ஜுகளில் பலருக்கு அந்த ஏற்பாடு கிடையாது. இரவு ஒன்பது மணிக்குப் போய் நின்றால் 'ரூம் இல்லைங்க' என்று சொல்லிவிடுவார்கள். ஆன்லைனில் பணம் கட்டியிருந்தாலும் இது நடக்கும். முதல் நாளே தொலைபேசியில், 'பாஸ்போர்ட் வெளிநாட்டுது, பதிவு போடுவீங்களா?' என்று நேரடியாகக் கேளுங்கள். கூடவே ஓட்டுநர் படுக்க இடம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். இரவு சரியாகத் தூங்காத ஓட்டுநரை நம்பி மறுநாள் நான்கு வழிச் சாலையில் ஏறக்கூடாது. சில லாட்ஜுகளில் 24 மணி நேர செக்-அவுட் இருக்கிறது. மாலை ஆறுக்குப் போனால் மறுநாள் மாலை ஆறு வரை அறை உங்களுடையது. நெல்லையில் இது பெரிய வசதி.

பணத்துக்கு யுபிஐ. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே அதை இணைத்துக்கொள்ளலாம். கிளம்புமுன் அங்கேயே செய்துவிடுவது நல்லது. கணக்கு இல்லாதவர்கள் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவிடம் ஐந்நூறை நீட்டினால் சில்லறைக்கு அவர் எங்கே போவார்?

இனி வேளைகள். மதுரையில் மதியச் சாப்பாட்டை அளவோடு முடித்துக்கொண்டு நான்கு மணிக்குக் கிளம்பினால், ஐம்பது கிலோமீட்டரில் உள்ள விருதுநகரை ஐந்தரைக்குள் பிடித்துவிடலாம். நெடுஞ்சாலை ஊரை ஒதுங்கிப் போகிறது, இறங்கி உள்ளே வரவேண்டும். இங்கே பரோட்டாவைக் கல்லில் போட்டு எடுப்பதோடு விடமாட்டார்கள். நடுவில் குழிந்த பெரிய கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, அதில் மூழ்கவிட்டு மொறுமொறுவென்று பொரித்தெடுப்பார்கள். இலையில் விழுந்ததும் கையால் நொறுக்கி, சால்னாவை ஊற்றி, அது முழுக்க ஊறிவிடுமுன் சாப்பிட்டுவிடவேண்டும். அதற்கு ஐந்து நிமிட அவகாசம்தான். பார்சல் கட்டினால் இலைக்குள் ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும். அது வேறு பண்டம். ஆளுக்கு இரண்டு முதல் மூன்று போதும், பொரித்த மாவு வயிற்றில் கனக்கும். ஏழு மணிக்கு மேல் கூட்டம் ஏறும். கோழி, காடை தீரத் தீர, ஒன்பது மணிக்கு வருகிறவருக்கு வெறும் சால்னாதான் மிஞ்சும்.

இரவு விருதுநகரிலோ சாத்தூரிலோ தங்கலாம். காலையில் சாத்தூர். சேவுக் கடைகளில் அடுப்பு ஏறிய பிறகு, பத்து மணி வாக்கில் போனால் சூடாகவே வாங்கலாம். கடலை மாவு, அரிசி மாவு, பூண்டு, வற்றல் சேர்ந்த காராச்சேவுதான் இந்த ஊரின் பெயரைச் சொல்வது. வாங்குமுன் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். தொண்டையில் கரகரத்தால் எண்ணெய் பழையது. வெளிநாட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் ஊர் திரும்புகிற வாரம் வாங்குங்கள், இரண்டு மூன்று வாரம் தாண்டினால் காறல் வாடை வந்துவிடும். வெள்ளரிப்பிஞ்சும் சாத்தூருக்குப் பேர்போனது. உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்கள். கழுவுகிற தண்ணீரில் சந்தேகம் இருந்தால் வெட்டாமல் வாங்கி, கையிலுள்ள குடிநீரில் கழுவிக்கொள்ளலாம்.

அடுத்த இருபது சொச்சம் கிலோமீட்டரில் கோவில்பட்டி. கரிசல் காட்டு நிலக்கடலையில் செய்யும் இந்த ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேலே நிறம் சேர்த்த தேங்காய்த் துருவல் தூவியிருப்பது இதன் அடையாளம். நல்லதா என்பதைப் பாகு சொல்லிவிடும். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்'கென்று ஓசை வரவேண்டும். அந்தப் பதத்தில் எடுத்தால் மிட்டாய் படக்கென்று உடையும். பதம் குறைந்தால் பல்லில் ஒட்டும், கூடினால் கசக்கும். வாங்கிய பிறகு கெடுப்பது ஈரக் காற்று. சிங்கப்பூர், கொழும்பு மாதிரி ஊர்களுக்கு எடுத்துப்போகிறவர்கள் பெரிய பொட்டலமாக வாங்காமல் சிறு பொட்டலங்களாக வாங்குங்கள், பிரித்தது அன்றே தீரவேண்டும்.

கோவில்பட்டியில் நண்பர் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு அவர் திரும்ப, நெல்லை புதிய பேருந்து நிலையத்திலிருந்து மதுரைப் பேருந்துகள் நிறைய உண்டு. 'பைபாஸ் ரைடர்' பேருந்து வழியிலுள்ள ஊர்களுக்குள் போகாது. ஊருக்குள் போகும் வண்டிதானா என்று நடத்துநரிடம் கேட்டு ஏற்றிவிட்டு வாருங்கள்.

நெல்லையை நண்பகல் பன்னிரண்டரைக்குப் பிடித்தால் வீட்டுச் சாப்பாடு. இந்தப் பயணத்தின் மையமே இதுதான் என்பது என் எண்ணம். ஓட்டலில் கிடைக்காத சொதியும் உளுந்தஞ்சோறும் வீடுகளில்தான் இருக்கின்றன. சொதிக்கு நான்கைந்து பேர் என்றால் இரண்டு தேங்காய் துருவவேண்டும். மூன்று முறை பால் எடுத்து, மூன்றாம் பாலில் காயையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றி நுரை கட்டியதும் இறக்கவேண்டும். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சையை அடுப்பிலிருக்கும்போதே பிழிந்தாலும் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். சமைப்பவருக்கு இது காலை முழுக்கப் பிடிக்கிற வேலை. ஆகவே எத்தனை பேர் என்பதை முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள், ஓட்டுநரையும் சேர்த்து. காலையில் போன் போட்டு 'இன்னும் மூணு பேர் வர்றாங்க' என்றால் மூன்றாம் பாலில் தண்ணீர்தான் கூடும்.

அசைவம் எதிர்பார்க்கிறவர்கள் நாள் பாருங்கள். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி மாதம் முழுக்க எனப் பல வீடுகளில் கவுச்சி ஏறாது. அவர்களாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள்; நாம்தான் கேட்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்பதையும் மீறாதீர்கள். 'கை நனைக்காமப் போகக் கூடாது' என்று இரண்டாவது வீட்டிலும் இலை போட்டுவிடுவார்கள். அங்கே பாதி இலையோடு எழுந்தால் சமைத்தவர் மனம் சங்கடப்படும். இரண்டாவது நண்பரை மாலைக் காபிக்கென்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அல்வாவுக்கு நெல்லையப்பர் கோயில் எதிரே கீழ ரத வீதியில் உள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். ஐந்து மணிக்கே வரிசை நிற்கும், தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். தீபாவளி வாரத்தில் அந்தப் பக்கம் வண்டியே நுழைய முடியாது. மற்ற நாளிலும் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே விரைவு. ஊரில் வேறு நல்ல கடைகளும் இருக்கின்றன; ஆனால் ஒரே பெயரின் சாயலில் பல பலகைகள் தொங்குகின்றன, உள்ளூர் நண்பரைக் கூட்டிப்போனால் குழப்பமில்லை. கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய அல்வா வாழையிலைத் துண்டில் சூடாக வரும். நூறு கிராமை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். எடுத்துப்போவதைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். அறைக்கு வந்து திறந்து வைத்து, ஆறிய பிறகு மூடுங்கள்.

மூன்றாம் நாள் அவசரமில்லை. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி 55 கிலோமீட்டர். பதினொன்றரைக்குள் செங்கோட்டைக்கு அருகே பிரானூர் போய்ச் சேர்ந்தால் 'பார்டர்' பரோட்டாவுக்கு இடம் கிடைக்கும். ஒரு மணிக்கு மேல், அதுவும் சீசன் ஞாயிற்றுக்கிழமையில், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்கவேண்டும். விருதுநகரைப் போல் இது பொரித்தது அல்ல, சிறியது, மெத்தென்றது. நாட்டுக்கோழி மிளகு வறுவலோடுதான் அதன் ருசி தெரியும்.

குற்றாலத்தில் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சாரல் அடிக்கிற அந்த நாட்களில் ரம்புட்டான், மங்குஸ்தான் கூடைகள் வழியெல்லாம் இருக்கும். அருவியை நான்காம் நாள் விடியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குக் கூட்டமும் குறைவு, நிறுத்த இடமும் உண்டு. எண்ணெய், சோப்பு, ஷாம்பு கொண்டுபோகக் கூடாது. மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் பாய்ந்து வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். தண்ணீர் கலங்கினாலோ சருகும் குச்சியுமாக வந்தாலோ, யார் சொல்லவும் காத்திராமல் பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள். தடை போட்டிருந்தால் காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கவேண்டாம்.

எட்டரைக்குக் கிளம்பினால் புளியங்குடி, ராஜபாளையம் தாண்டி பத்தரை வாக்கில் திருவில்லிபுத்தூர். தமிழக அரசு முத்திரையில் உள்ள கோபுரம் இந்த ஊர்க் கோபுரம்தான் என்பார்கள். நடை சாத்துமுன் ஆண்டாளைப் பார்த்துவிட்டுப் பால்கோவா வாங்கலாம். பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த இதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரலில் எடுத்தால் ஈரப்பசையோடு திரள வேண்டும். நறநறவென்றிருந்தால் சர்க்கரை கூடுதல். வெயிலில் நிற்கிற காரில் வைத்தால் அன்றே புளித்துப்போகும். குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா போகிறவர்கள் இதைப் பெட்டியில் வைக்காதீர்கள், இந்தியப் பால் பொருட்களை அங்கே விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். மதுரையில் காத்திருக்கும் நண்பர்களுக்கு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போங்கள்.

மதுரை இன்னும் 75 கிலோமீட்டர். அன்றே விமானம் என்றால் கப்பலூர் தாண்டியதும் சுற்றுச்சாலையைப் பிடித்து ஊருக்குள் நுழையாமலே நிலையத்துக்குப் போய்விடலாம். அல்வா டப்பாவை செக்-இன் பெட்டியில் போடுங்கள். இறங்குமுன் மீட்டரைப் படமெடுத்து, டீசல் ரசீதுகளை ஓட்டுநர் முன்னால் கூட்டிக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். வண்டி போன பிறகு வருகிற 'பாக்கி' செய்திக்கு அப்போது இடமிருக்காது.