கென்யாவுக்குப் பெட்டி கட்டித் தந்த மார்த்தாண்டம் கடை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் பெட்டி விற்கும் கடை இது. மிட்டாய் விற்கும் பெட்டிக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதோடு குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

எங்கள் சேகரத்திலிருந்து (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) பதினொரு பேர் போன ஜூலையில் கென்யாவின் கிசுமு பக்கம் இரண்டு வாரம் மருத்துவ ஊழியத்துக்குப் போனோம். நான் ஓய்வு பெற்ற நர்ஸ். டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. வீட்டில் நான் அடுக்கி வைத்ததோ 38 கிலோ. சரி, இன்னும் பெரிய பெட்டியாக வாங்கலாம் என்றுதான் கடைக்குப் போனேன். பெட்டி பெரிதானால் கனம் குறையுமா என்று அப்போது யோசிக்கவில்லை.

கடைக்காரர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் 14 வருஷம் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். பெட்டியை எடுத்துக் காட்டவே இல்லை. "எக்கா, மொதல்ல வீட்ல கட்டினத இங்க கொண்டு வாங்க. தொறந்து பாப்போம்" என்றார். பெட்டிக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, திறந்து, எடை போட்டு, தள்ள வேண்டியதைத் தள்ளி, திரும்ப அடுக்கிக் கயிறு கட்டித் தருகிறார். நான் எழுத வந்தது இந்த வேலையைப் பற்றித்தான்.

முதலில் வெளியே வந்தது முப்பது வருஷமாக என் கூடவே இருக்கும் பிபி கருவி. "இது பாதரசமாக்கும். பிளேன்ல ஏத்த மாட்டாவ." நர்ஸாகிய எனக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான். பாதரசம் சிந்தினால் அலுமினியத்தை அரித்துவிடும், விமானத்தின் உடம்பில் பெரும்பாலும் அலுமினியம் என்று பொறுமையாக விளக்கினார். அடுத்தது கொப்பரை. எண்ணெய்ச் சத்து மிகுந்தது, சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம் என்று அதையும் எடுத்தார். அங்கே தேங்காய் கிடைக்காது என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அக்கா அன்போடு தந்தது. மொம்பாசா கடற்கரை முழுக்கத் தென்னைதான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பவர் பேங்க் கைப்பைக்கு மாறியது. ஊறுகாய் நேர்மாறாகக் கைப்பையிலிருந்து பெட்டிக்குப் போனது.

அப்புறம் பிளாஸ்டிக் கவர். கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் கடையில் சாமான் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. வெளியூர்க்காரன் என்று விட மாட்டார்கள். நாங்களோ சோப்பு முதல் செருப்பு வரை துணிக்கடைக் கவரில்தான் போட்டிருந்தோம். அவர் அத்தனையையும் உருவி எடுத்துவிட்டு, "வீட்ல கல்யாணத்துக்குக் குடுத்த மஞ்சப்பை கெடக்கும்லா?" என்று கேட்டார். கிடந்தது, பத்தொன்பது. மணமக்கள் பெயர் அச்சிட்ட பைகளில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் காலி உறைகளும் காலுறைகளும் கிசுமு வரை போய் வந்தன.

மருந்து மட்டும் எங்களிடம் இல்லை. நன்கொடை மருந்தென்றாலும் அந்த நாட்டு மருந்து வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதால், பணமாகக் கொண்டு போய் அங்கேயே வாங்குவது என்று போதகர் முன்பே முடிவு செய்திருந்தார். கொண்டு போனது வாசிக்கும் கண்ணாடிகள் 400. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தோம். கடைக்காரர் அதைப் பிரித்து எட்டுப் பெட்டிகளில், சேலை மடிப்புகளுக்கு நடுவே வைத்தார். ஒரு பெட்டி காணாமல் போனாலும் முகாம் நிற்காது என்றார். காணாமல் எதுவும் போகவில்லை. உடைந்தது மூன்றே மூன்று.

ஒரு ஸ்வெட்டரும் வைக்கச் சொன்னார். ஆப்பிரிக்காவுக்கா என்று சிரித்தேன். நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை காலையில் என் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து நின்றது.

இனி குறை. அவரிடமே 450 ரூபாய்க்குத் தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு வாங்கினேன். கிளம்பும் முந்தின நாள் வீட்டில் 29.6 காட்டியது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் 31.1. வரிசைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து, முந்திரிக்கொத்து டப்பாவை எடுத்து மருமகனிடம் கொடுத்து அனுப்பினேன். இருட்டும் முன்பே அவன் தின்று முடித்துவிட்டானாம். ஸ்வெட்டரை அங்கேயே போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து கேட்டதற்கு, "பேட்டரி எறங்கினா அப்படித்தான் காட்டும்" என்றார். விற்கும்போது சொல்லியிருக்கலாம். வாங்குகிறவர்கள் முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் 3,200 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி பரவாயில்லை. ஒரு சக்கரம் மட்டும் இப்போது கீச்சிடுகிறது.

கட்டும் வேலைக்கு ஐந்துக்கு ஐந்து, தராசுக்கு ஒன்று.

ஞாயிறு கடை இல்லை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். கடைக்குள் இடமில்லாததால் பெட்டியை வாசலில் வைத்துத்தான் திறக்கிறார். நான் போனது சாயங்காலம். கென்யாவுக்கு எத்தனை உள்பாவாடை கொண்டு போனேன் என்பது அன்றைக்குப் பஸ்ஸுக்கு நின்ற களியக்காவிளைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.